பைக்குக்குப் புது சைலன்சர் வாங்குமுன்: மூன்று மணி நேரம் ஓட்டுவதை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

சைலன்சர் மாற்றும் ஆசை பெரும்பாலும் காது வழியாகத்தான் வரும். யாரோ ஒருவர் பைக்கை நிறுத்தி வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கிக் காட்டும் வீடியோ ஒன்று கண்ணில் படும். மொத்தம் பத்து விநாடி. உடனே மனசு சாய்ந்துவிடும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. என் முதல் வெளிக் கம்பெனி சைலன்சரை அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன். மாட்டிய வாரமே ஒரு நீண்ட பயணம் கிளம்பினேன். ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது தலைக்குள் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. மூன்றாவது மணி நேரத்தில் எப்போது இறங்குவோம் என்று ஆகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் இரவு வரை காதில் அந்த ஒலி அடங்கவில்லை. அதே மாதம் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டினேன்.

அதனால் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: மூன்று மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்து வாங்குங்கள். இனி வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: குனிந்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் உங்கள் பைக்கின் எக்ஸாஸ்ட் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து வளைந்து இறங்குவது பெண்ட் பைப். ஹெடர் என்றும் சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் இருந்தால் அந்தக் குழாய்கள் சேரும் இடம் கலெக்டர். நடுவில் ஓர் இணைப்புக் குழாய். கடைசியில் சைலன்சர். ஃபியூயல் இன்ஜெக்ஷன் பைக் என்றால் பெண்ட் பைப்பில் ஸ்பார்க் பிளக் போல ஒன்று, வயரோடு திருகியிருக்கும். அதுதான் ஆக்சிஜன் சென்சார்.

முக்கியமாகத் தேட வேண்டியது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சுருக்கமாக 'கேட்'. உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மட்டுப்படுத்துவது அதுதான். சில பைக்குகளில் அது பெண்ட் பைப்பை ஒட்டியும், சிலவற்றில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஒரு பெட்டியிலும், சிலவற்றில் சைலன்சருக்கு உள்ளேயும் இருக்கும். அது இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் நீங்கள் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது முடிவாகும்.

சில பெரிய பைக்குகளில் குழாய்க்குள் கேபிளோடு இணைந்த ஒரு வால்வு இருக்கும். சிறு மோட்டார் ஒன்று அதைத் திறந்து மூடும். யமஹா 1987இல் எக்ஸப் என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகைதான். உங்கள் பைக்கில் அது இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

படி 2: எதற்காக மாற்றுகிறோம்?

எடை குறையவா, சத்தத்துக்கா, தோற்றத்துக்கா, பழையது துருப்பிடித்து ஓட்டை விழுந்ததாலா, சக்தி கூடவா? எந்தக் காரணமும் தப்பில்லை. ஆனால் உங்கள் காரணம் எது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வாங்க வேண்டிய பொருள் வேறு.

சக்திக்காக மட்டும் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடும் சக்தி மிகச் சிறிது. சத்தம் கூடியதால் வண்டி வேகமாகப் போவது போலத் தோன்றும், அவ்வளவுதான். எடை விஷயம் அப்படியில்லை. பைக்கோடு வரும் கம்பெனி சைலன்சர்கள் தடித்த இரும்பில், பல அறைகளோடு செய்யப்படுபவை. நல்ல மாற்று சைலன்சர் சில கிலோ குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவு வண்டியின் பின்பக்கத்தில், பெரும்பாலும் ஒரே ஓரத்தில் நடப்பதால் வண்டியை நகர்த்தும்போதே தெரியும்.

படி 3: எவ்வளவு தூரம் மாற்றப் போகிறோம்?

சைலன்சரை மட்டும் கழற்றி அதே இடத்தில் புதியதைச் செருகுவது ஸ்லிப்-ஆன். ஒரு கிளாம்ப், ஒன்றிரண்டு போல்ட், சில வண்டிகளில் ஸ்பிரிங். கேட் முன்னால் இருக்கும் பைக்கில் அதைத் தொடாமலே வேலை முடியும். பெண்ட் பைப்பிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம். எடை அதிகம் குறையும், இன்ஜினின் குணமே மாறும். பெரும்பாலும் கேட்டும் போய்விடும், ஃபியூயல் மேப்பிங்கும், அதாவது பைக்கின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும் கணக்கும், மாற்ற வேண்டிவரும்.

புதிதாக இறங்குபவருக்கு என் பதில் ஒன்றுதான்: ஸ்லிப்-ஆன் வாங்குங்கள். உங்கள் பைக்கின் மாடலுக்கும் வருடத்துக்கும் என்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம். ஃபுல் சிஸ்டம் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும், இன்ஜினில் வேறு வேலைகளும் செய்திருப்பவர்களுக்கும்தான் உண்மையில் பலன் தரும்.

இங்கே 'பேக் பிரஷர்' பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேக் பிரஷர் குறைந்தால் டார்க், அதாவது இன்ஜினின் இழுவை, போய்விடும் என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. அனுபவத்தில் பார்த்தது சரி, காரணம்தான் தவறு. புகை வெளியே போக விடாமல் அழுத்தம் எதிர்த்து நிற்பது எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை. நடப்பது வேறு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. சூடான புகைக்குள் ஒலி விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல் போகும். குழாய் திடீரென அகலமாகும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி தாழ்ந்த அழுத்த அலையாக மாறி இன்ஜின் பக்கம் திரும்புகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரக் கொஞ்சம் திறந்திருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிஞ்சிய புகையை வெளியே உறிஞ்சி, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துக் கொடுக்கும். எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையில்) இது சரியாகக் கூடி வரும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நீளமான குழாய் தாழ்ந்த ஆர்பிஎம்மிலும், குட்டையானது உயர்ந்த ஆர்பிஎம்மிலும் உதவும். குழாய் தேவைக்கு மேல் பருமனாக இருந்தால் புகையின் ஓட்டம் மந்தமாகி, இந்த உதவி இன்னும் குறையும்.

நண்பர் ஒருவர் தன் ஒற்றை சிலிண்டர் பைக்குக்குப் பருமனான, குட்டையான குழாய் ஒன்றை மாட்டினார். நேர்ச் சாலையில் உச்ச வேகத்துக்கு இழுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நெரிசலில் மாட்டிக்கொண்டால் போதும், பிக்கப்பே இல்லை. ஒவ்வொரு தடவையும் கிளட்சைப் பாதியில் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது. அவர் ஓட்டுவதில் முக்கால்வாசி நெரிசலில்தான். ஆக, நீங்கள் அதிகம் ஓட்டும் ஆர்பிஎம் எது என்று ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். டைனோ கிராஃப் (ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் சக்தி எவ்வளவு என்று காட்டும் படம்) காட்டி விற்பவரிடம், உச்சியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்த ஆர்பிஎம்மில் கோடு ஏறுகிறதா, பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள்.

படி 4: சத்தத்தை எப்படி அளப்பது?

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 10 டெசிபல் கூடினால் காதுக்கே இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 'ஐந்தாறு டெசிபல்தானே கூடுதல்' என்று விற்பவர் சொன்னால் அது சின்ன விஷயம் இல்லை.

காதைப் பொறுத்தவரை, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தமே இந்த எல்லையைத் தாண்டிவிடும். அதன் மேல் சைலன்சரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். நீண்ட பயணம் என்றால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், எந்த சைலன்சராக இருந்தாலும்.

என்னை மூன்று மணி நேரம் வாட்டிய அந்த ரீங்காரத்துக்கு 'ட்ரோன்' என்று பெயர். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் குழாயும் சைலன்சரும் சேர்ந்து அதிரும்போது வருவது. அந்த ஆர்பிஎம் உங்கள் பயண வேகத்தோடு ஒத்துப்போனால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். டாப் கியரில் நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு என்று பாருங்கள். அதே பைக்கில் அதே சைலன்சர் போட்டவர் ஒருவரைக் கண்டுபிடித்து, ஹெல்மெட்டோடு அந்த ஆர்பிஎம்மில் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டக் கிடைக்காவிட்டால் பின் சீட்டிலாவது உட்கார்ந்து போங்கள். நின்ற இடத்தில் முறுக்கிக் கேட்டால் இது ஒருபோதும் தெரியாது.

சைலன்சரின் உள் அமைப்பையும் விசாரியுங்கள். ஓட்டை போட்ட குழாயைச் சுற்றி கண்ணாடி இழையோ பசால்ட் இழையோ அடைத்திருப்பது ஒரு வகை. எடை குறைவு, ஒலி கனமாக இருக்கும், ஆனால் உள்ளே அடைத்தது நாளாக நாளாக எரிந்து உதிர்ந்துவிடும். சத்தம் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் பேக்கிங் போய்விட்டது என்று பொருள். பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். ரிவெட்டைக் கழற்றிப் பிரிக்க முடிகிற மாதிரிதானா, பேக்கிங் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். இன்னொரு வகை, தடுப்புகளும் அறைகளும் வைத்து அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவது. எடை கூடுதல், பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இந்த இரண்டாம் வகையைத்தான் நான் சொல்வேன்.

சத்தத்தைக் குறைக்க வெளிவாயில் செருகியிருக்கும் சிறு குழாய் டிபி கில்லர். அதைக் கழற்ற முடியும் என்பதையே ஒரு வசதியாகச் சொல்லி விற்பார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். நீங்கள் கடந்துபோன பிறகும் அந்தச் சத்தம் தெருவில் இருக்கும்; அங்கே நோயாளியும் இருப்பார், தொட்டிலில் குழந்தையும் இருக்கும்.

படி 5: சட்டம்

ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு, உங்கள் இடத்து விதியை நேரடியாகப் படியுங்கள். பொதுவாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. சாலைக்கான பைக்கில் கேட்டை எடுப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிகளை ஏற்ற நாடுகளில், அனுமதி பெற்ற சைலன்சரில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண் அனுமதி தந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 3 இத்தாலி. ஆனால் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அனுமதி குறிப்பிட்ட மாடல்களுக்குத்தான்; உங்கள் மாடல் அந்தச் சான்றிதழில் இருக்க வேண்டும். டிபி கில்லரோடு சேர்த்து வாங்கிய அனுமதி, அதைக் கழற்றிய நிமிடமே செல்லாது. 'ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தி வைத்துச் சோதிக்கும் முறையும் தெரிந்திருப்பது நல்லது. மைக்கைக் குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள். உச்ச சக்தி 5000 ஆர்பிஎம்முக்கு மேல் வரும் இன்ஜினை அதில் பாதி ஆர்பிஎம்மிலும், 5000 அல்லது அதற்குக் கீழே வருவதை முக்கால் ஆர்பிஎம்மிலும் நிறுத்தி அளப்பார்கள். பல பைக்குகளின் ஃபிரேமில் ஒரு சின்னத் தகட்டில் இந்த டெசிபலும் ஆர்பிஎம்மும் அச்சிட்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

வாரன்டியும் இன்ஷூரன்ஸும் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: எந்த உலோகம்?

சாதா இரும்பு விலை குறைவு, துரு சீக்கிரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உழைக்கும். சூட்டில் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறும், அது குறையில்லை. டைட்டானியத்தின் அடர்த்தி ஸ்டீலில் கிட்டத்தட்ட 57 சதவீதம்தான், அதனால் எடை நன்றாகக் குறையும், விலை நன்றாகக் கூடும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் சைலன்சரின் வெளி உறைக்கு மட்டும் சரி, பெண்ட் பைப்புக்கு ஆகாது. கார்பன் ஃபைபர் உறை அழகுதான். ஆனால் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினுக்கு அதிகச் சூடு ஆகாது, கீழே விழுந்தால் விரிசலும் விடும். நான் வாங்கினால் ஸ்டெயின்லெஸ்தான்.

படி 7: இடம் பொருந்துமா?

விளம்பரப் படத்தில் தெரியாதவை இவை. சென்டர் ஸ்டாண்ட் போட இடம் இருக்குமா? பக்கப் பெட்டி மாட்டினால் உரசுமா? பின்னால் உட்காருபவரின் காலுக்கும் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரத்தின் ஸ்விங் ஆர்ம் மேலே ஏறிவந்து முட்டுமா? வளைவில் சாய்த்தால் தரையில் உரசுமா? ஆயில் மாற்ற டிரெயின் போல்ட்டும் ஃபில்டரும் கைக்கு எட்டுமா? சில ஃபுல் சிஸ்டங்களில் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும். 'எல்லா பைக்குக்கும் பொருந்தும்' என்று விற்கும் சைலன்சரில் இந்தக் கேள்வி ஒன்றுக்கும் பதில் கிடையாது, அதனால்தான் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 8: பெட்ரோல் கணக்கு

பெட்ரோல் முழுதாக எரிய 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இன்ஜெக்ஷன் பைக்கில் சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டரே இதைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கும்போது பெரும்பாலான பைக்குகள் சென்சாரைப் பார்க்காமல், உள்ளே எழுதி வைத்த கணக்குப்படி பெட்ரோலை விடும். அந்தக் கணக்கு பழைய குழாய்க்கு எழுதியது. ஸ்லிப்-ஆன் மட்டும் என்றால், கேட்டைத் தொடாத வரை, வித்தியாசம் பொதுவாகச் சிறிது. ஃபுல் சிஸ்டம், கூடவே ஏர் ஃபில்டரும் மாற்றினால் மேப்பிங் கட்டாயம். கார்புரேட்டர் என்றால் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளைப் பாகம்) மாற்ற வேண்டும்.

கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டதற்கு அறிகுறிகள்: ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் படபடவென்று வெடிப்பது, முறுக்கும்போது ஒரு நொடி தயங்குவது, இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாவது. அந்தப் படபட சத்தத்தை ரசிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அதுவரை இல்லாதது புதிதாக வந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது அல்லது இணைப்பில் லீக் இருக்கிறது. இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

குழாயில் மோட்டார் வால்வு உள்ள பைக்கில் அதை நீக்கினால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கென்று ஒரு சின்ன எலக்ட்ரானிக் பாகம் கிடைக்கும், அல்லது வால்வை அப்படியே வைத்துக்கொள்ளும் ஸ்லிப்-ஆனைத் தேடுங்கள். இரண்டாவதுதான் நல்லது.

படி 9: வாங்குவதும் மாட்டுவதும்

அக்ரபோவிச், யோஷிமுரா போன்ற பெயர்பெற்ற சைலன்சர்களுக்குப் போலிகள் ஏராளம். நம்ப முடியாத விலை, ஸ்டிக்கராக மட்டும் இருக்கும் பெயர், கோணல்மாணலான வெல்டிங், சீரியல் எண்ணோ மாடலுக்கான சான்றிதழோ இல்லாதது இவையெல்லாம் அடையாளங்கள். பழையது வாங்கினால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள்; கலகலவென்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

மாட்டும்போது இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இன்ஜின் ஹெட்டில் உள்ள பெண்ட் பைப் ஸ்டட் முறிந்தால் அதை எடுப்பது பெரிய வேலை, எனவே அங்கே பலம் காட்ட வேண்டாம். ஸ்லிப்-ஆன் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. பெண்ட் பைப்பைக் கழற்றினால் கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். ஸ்பிரிங்குகளுக்கு அதற்கான கொக்கியையே பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அது தெறித்துக் கண்ணில் பட வாய்ப்புண்டு.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். குழாயும் சைலன்சரும் இழுபடாமல் தானாக உட்காரும் நிலை வந்த பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி, மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்குங்கள். வலுக்கட்டாயமாக இழுத்து மாட்டிய பிராக்கெட் அதிர்விலேயே ஒருநாள் விரிசல் விடும். பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் கைரேகைகளைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விரலில் உள்ள எண்ணெய் முதல் சூட்டிலேயே சுட்டு, உலோகத்தில் நிரந்தரக் கறையாகிவிடும்.

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம். குழாய் சூடாகுமுன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் லீக் உள்ள இடத்தில் குமிழி வரும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் அங்கே வெளிக்காற்று உள்ளே போய், சென்சார் தவறாகக் காட்டி, கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிவிடும். அதனால் அதைச் சும்மா விடாதீர்கள். சரி, லீக் இல்லை என்றால் ஒரு சுற்று ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு தடவை.

அப்புறம், கழற்றிய கம்பெனி சைலன்சரை விற்றுவிடாதீர்கள். ஈரம் போகத் துடைத்து, வெளிப்புறத்தில் லேசாக எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி வையுங்கள். அதன் போல்ட், புஷ், கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதோடே கட்டி வையுங்கள். நான் திரும்ப மாட்டிய நாளில் சைலன்சர் பத்திரமாக இருந்தது. ஒரு ரப்பர் புஷ் மட்டும் காணவில்லை, அதற்காக இரண்டு வாரம் பைக் அசையாமல் நின்றது.